வீட்டுக்காரனுக்கு மட்டும் அழைப்பு வேண்டாம்: ‘பீயிங் ஹியூமன்’ முதல் சீசனின் கடைசி அத்தியாயம்

2009 மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமை இரவு பிபிசி த்ரீ சேனலில் ‘பீயிங் ஹியூமன்’ தொடரின் முதல் சீசன் முடிந்தது. அது ஆறாவது அத்தியாயம், பெயர் ‘பேட் மூன் ரைசிங்’. ஒரு ரத்தக்காட்டேரியும் ஒரு ஓநாய் மனிதனும் ஒரு பேயும் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று ஒரு வரியில் சொன்னால் காமெடித் தொடர் என்றுதான் தோன்றும். சிரிக்கவும் நிறையவே இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசி ஒரு மணி நேரம் வேறு ரகம். யாரை வீட்டுக்குள் விடலாம், யாரை உள்ளே வைத்துப் பூட்டலாம், போகச் சொன்ன பிறகும் யார் போகாமல் நிற்கலாம் என்பதைச் சுற்றித்தான் மொத்தக் கதையும் ஓடுகிறது. நாயகனும் வில்லனும் மோதும் பெரிய சண்டையை எதிர்பார்த்தால் சில நொடிகள்தான் தேறும். மீதியெல்லாம் கதவுகள்.

தொடரை இனிமேல்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. முடிவுகளை எல்லாம் போட்டு உடைக்கப்போகிறேன்.

இந்தத் தொடர் பிறந்த கதையிலிருந்து ஆரம்பிக்கலாம். எழுதியவர் டோபி விட்ஹவுஸ். இதற்கு முன்பு சேனல் ஃபோருக்காக, லீட்ஸ் நகரில் ஒரே வீட்டில் தங்கியிருக்கும் நர்ஸுகளைப் பற்றிய ‘நோ ஏஞ்சல்ஸ்’ தொடரை உருவாக்கியவர். அடுத்து அவரிடம் கேட்கப்பட்டது, படித்து முடித்த மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு வீடு வாங்கும் கதை. பேயும் கிடையாது, பிசாசும் கிடையாது. அந்த மூவருக்கும் அவர் முதலில் யோசித்து வைத்திருந்த சிக்கல்கள் முக்கியமானவை. மிட்செல் பெண் சபலத்திலிருந்து மீளப் போராடுபவன். ஜார்ஜ் கோபத்தை எல்லாம் உள்ளுக்குள் அடக்கி வைத்திருப்பவன். ஆனி வீட்டைவிட்டு வெளியே கால்வைக்கவே பயப்படுபவள். கதாபாத்திரங்கள் பிடித்திருந்தன, கதை மட்டும் நகரவில்லை. திட்டத்தைக் கைவிடலாம் என்ற நிலைக்கு வந்தபோதுதான் ஜார்ஜை ஓநாய் மனிதனாக்கினால் என்ன என்ற யோசனை வந்தது. அப்புறம் மற்ற இரண்டும் தானாக அமைந்துவிட்டன. சபலம் ரத்தவெறி ஆனது. அடக்கிய கோபம் மாதம் ஒருமுறை ஓநாயாக வெளியே வந்தது. வீட்டைவிட்டு வெளியேற முடியாதவள் அந்த வீட்டிலேயே செத்துப்போன பேயானாள்.

தொடர் ஏன் வேலை செய்தது என்பதற்கு விளக்கம் பெரும்பாலும் இதிலேயே இருக்கிறது. வழக்கமான பேய்க்கதையில் முதலில் பேய் வரும், அப்புறம்தான் அதற்கு ஒரு மனக்குறையைத் தேடிப் பொருத்துவார்கள். இங்கே மனக்குறை முதலில் வந்தது, கோரைப்பல் பிறகு முளைத்தது.

சோதனை அத்தியாயம் 2008 பிப்ரவரி 18 அன்று ஒளிபரப்பானது. இளைஞர்களைக் குறிவைத்து நடத்தப்பட்ட பிபிசி த்ரீ அந்த ஆண்டு ஆறு சோதனை நாடகங்களை எடுத்துப்போட்டது. அதில் முழுத் தொடராக முதலில் தேர்வானது ‘ஃபூ ஆக்‌ஷன்’ என்ற இன்னொன்று. அது பிறகு கைவிடப்பட்டது வேறு கதை. ‘பீயிங் ஹியூமன்’ அத்தோடு போயிருக்கும். பார்த்தவர்கள் விடவில்லை. இணையத்தில் மனுப் போட்டு, சத்தம் போட்டு, தொடரைக் கேட்டு வாங்கினார்கள். ஆனால் திரும்பி வந்தபோது நடிகர்கள் மாறியிருந்தார்கள். ஜார்ஜாக நடித்த ரஸ்ஸல் டோவி மட்டும் அப்படியே இருந்தார். ஆனியாக ஆண்ட்ரியா ரைஸ்பரோவுக்குப் பதில் லெனோரா கிரிச்லோ வந்தார். மிட்செலாக கை ஃபிளனகனுக்குப் பதில் எய்டன் டர்னர்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் வில்லன் ஹெரிக், ரத்தக்காட்டேரிகளின் தலைவன். சோதனை அத்தியாயத்தில் ஏட்ரியன் லெஸ்டர் அவனை ஒரு நாடக மேடைப் பிரபு போல நடித்திருந்தார். தொடரில் வந்த ஜேசன் வாட்கின்ஸ் நேர் எதிர். குள்ளமான உருவம், முன்னால் ஏறிய நெற்றி, போலீஸ் சீருடை, எந்நேரமும் முகத்தில் ஒரு சிரிப்பு. தெருவில் எதிரே வந்தால் வழி கேட்கத் தோன்றும் ஆள். ரத்தக்காட்டேரிகள் பண்ணும் கொலைகள் வெளியே தெரியாமல் இருப்பதற்குக் காரணமே இவன் காவல்துறையில் இருப்பதுதான். இந்த ஒரு மாற்றம் இல்லையென்றால் கடைசி அத்தியாயம் இவ்வளவு உறைத்திருக்காது என்பது என் அபிப்பிராயம். பயங்கரமானவனைக் கொல்வது சுலபம். பக்கத்து வீட்டு அங்கிள் போல இருப்பவனை ஒரு அறையில் பூட்டிவைத்துக் கொல்வது அவ்வளவு சுலபமில்லை.

அந்த வீடு டாட்டர்டவுன் பகுதியில் இருக்கிறது. பிரிஸ்டலின் தெற்கே, செங்குத்தான மேட்டின் மேல் வண்ண வண்ணமாகப் பெயின்ட் அடித்த வரிசை வீடுகள் நிற்கும் இடம். தெருமுனை வீடு. படப்பிடிப்புக்கு எடுத்துக்கொண்டது நிஜமான வீட்டின் முகப்பைத்தான், தொடரின் ரசிகர்கள் இன்றும் தேடிப்போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மிட்செலும் ஜார்ஜும் மருத்துவமனையில் கடைநிலை வேலை பார்க்கிறார்கள். நோயாளியைத் தள்ளிக்கொண்டு போவது, துடைப்பது, குப்பை அள்ளுவது. யார் கண்ணிலும் படாத வேலை என்பதால் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வாடகைக்கு வீடு பிடித்து உள்ளே போனால் அங்கே ஏற்கெனவே ஆனி இருக்கிறாள்.

ஆனி எந்நேரமும் டீ போட்டுக்கொண்டே இருப்பாள். அவளால் குடிக்க முடியாது. சமையலறை முழுக்க யாரும் குடிக்காமல் ஆறிப்போன டீக் கோப்பைகளாக வரிசை கட்டி நிற்கும். செத்தபோது போட்டிருந்த சாம்பல் நிற உடுப்பைத் தவிர மாற்றிக்கொள்ள வேறு துணி கிடையாது. தன்னம்பிக்கை கூடினால் மற்றவர் கண்ணுக்குத் தெரிவாள், குறைந்தால் மறைந்துபோவாள். ஆஸ்திரேலியாவிலோ அமெரிக்காவிலோ எழுதியிருந்தால் ஆனி வேறெதையாவது செய்திருப்பாள். பிரிட்டிஷ் பேய்க்கு டீதான்.

அந்த வீட்டின் சொந்தக்காரன் ஓவன். ஆனியைக் கட்டிக்கொள்ளவிருந்தவன். இருவரும் சேர்ந்து வாழ வந்த வீடு, அவள் மாடிப்படியில் விழுந்து செத்த பிறகு அவன் அதை வாடகைக்கு விட்டிருக்கிறான். குழாய் ஒழுகினால் வந்து பார்ப்பான். தன்னைக் கண்ணால் பார்க்க முடியாத அவனைச் சுற்றிச் சுற்றி வந்து ஆனி உருகுவாள். மூன்றாவது அத்தியாயத்தில்தான் அவளுக்கே ஞாபகம் வருகிறது, தான் விழவில்லை, ஓவன் தள்ளிவிட்டான் என்று.

இதை ரத்தக்காட்டேரி விதியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டில் இருப்பவர் வா என்று அழைக்காமல் காட்டேரி வாசற்படி தாண்ட முடியாது. 1897இல் வெளிவந்த ‘டிராகுலா’ நாவலிலேயே இந்த விதி இருக்கிறது. விட்ஹவுஸ் பழைய விதிகளில் பலவற்றைத் தூக்கிப்போட்டார். அவருடைய காட்டேரிகள் வெயிலில் நடமாடுவார்கள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சிகரெட் பிடிப்பார்கள். கண்ணாடியிலும் கேமராவிலும் தெரியமாட்டார்கள் என்பதை வைத்துக்கொண்டார். மதச் சின்னங்களைக் கண்டால் நடுங்குவதை வைத்துக்கொண்டார். ஜார்ஜ் யூதன், கழுத்தில் தாவீதின் நட்சத்திரம் தொங்கும், சிலுவை செய்யும் வேலையை அதுவும் செய்கிறது. அழைப்பு விதியையும் பத்திரமாக வைத்துக்கொண்டார். ஏன் என்று யோசித்தால் ஓவன்தான் விடை. நூறு வருஷம் மனிதரைக் கொன்று குடித்தவன்கூட அனுமதி இல்லாமல் அந்த வீட்டுக்குள் வர முடியாது. ஆனியைக் கொன்றவன் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு ஹாய் சொல்லியபடி வருகிறான். வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இதன் வலி தனியாக விளக்க வேண்டியதில்லை.

முதல் சீசனில் கிட்டத்தட்ட ஒவ்வொரு அத்தியாயமும் யாராவது ஒருவர் அந்த வீட்டு வாசலுக்கு வருவதில்தான் தொடங்குகிறது. இரண்டாவதில் டல்லி என்ற இன்னொரு ஓநாய் மனிதன் விருந்தாளியாக வந்து ஒட்டிக்கொள்கிறான். ஜார்ஜுக்கு அண்ணன் போல எல்லாம் சொல்லிக்கொடுக்கிறான். கடைசியில் பார்த்தால் ஸ்காட்லாந்தில் ஜார்ஜைத் தாக்கி இந்தக் கதிக்கு ஆளாக்கியவனே அவன்தான். நான்காவதில் தெருக்காரர்கள் வருகிறார்கள். ஒரு சின்னப் பையனோடு மிட்செல் பழகியதைத் தப்பாகப் புரிந்துகொண்டு கும்பலாகத் திரண்டு நிற்கிறார்கள். ஆறு அத்தியாயங்களில் எனக்குச் சரியாகத் தூக்கம் வராமல் பண்ணியது அதுதான். அதில் யாருக்கும் கோரைப்பல் கிடையாது. மனிதர்களோடு சேர்ந்து வாழ்வது நடக்காத காரியம் என்று வெறுத்துப்போய் மிட்செல் ஹெரிக்கிடம் திரும்பிப் போவதும் அதனால்தான்.

போன இடத்தில் அவன் பார்ப்பது, உணவுக்காக அடைத்துவைக்கப்பட்ட மனிதர்களை. அங்கிருந்து தப்பி வீட்டுக்கு வருகிறான். ஐந்தாவது அத்தியாயத்தின் முடிவில் இரண்டு கதவுகள் ஒரே நேரத்தில் திறக்கின்றன. ஆனி ஓவனின் காதில் ஏதோ சொல்கிறாள். செத்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஏதோ ஒன்று, நமக்குச் சொல்லப்படுவதில்லை. அவன் பித்துப்பிடித்தவன் போல ஓடிப்போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். அவளுடைய கணக்கு தீர்ந்தது. வீட்டுக்குள் அவளுக்கான கதவு தோன்றுகிறது. இந்தத் தொடரில் பேய்களின் விதி இதுதான், பாக்கி தீர்ந்தால் ஒரு கதவு வரும், அதைத் திறந்துகொண்டு போய்விட வேண்டும். அவள் கிளம்பும் அதே நேரத்தில் வாசலில் ஹெரிக் வந்து மிட்செலின் மார்பில் காட்டேரிகளைக் கொல்லும் கூரான மரக்கட்டையைச் செருகிவிடுகிறான். ஆனி தன் கதவை விட்டுவிட்டு இந்தப் பக்கம் ஓடி வருகிறாள்.

‘பேட் மூன் ரைசிங்’ இங்கிருந்துதான் தொடங்குகிறது. மிட்செல் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கிறான். கட்டை இதயத்தைத் தவறவிட்டிருக்கிறது, ஆனாலும் தேறவில்லை. மருந்து எதுவும் வேலை செய்யாது, மனித ரத்தம் ஒன்றுதான் வழி. ஜோசி வருகிறாள். அறுபதுகளில் மிட்செலின் காதலி, இன்று புற்றுநோய் முற்றிய வயதான பெண். அவன் அதே இளைஞனாகவே இருக்கிறான். அவள் தன் ரத்தத்தைத் தர முன்வருகிறாள்.

கிளேர் ஹிக்கின்ஸ் அந்தப் பாத்திரத்தை ஒரு துளி சுயபச்சாதாபம் இல்லாமல் நடித்திருக்கிறார். காட்சி நெஞ்சைத் தொடுகிறது. எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. ஆறு அத்தியாயங்களாக மிட்செல் ரத்தத்தை விட்டுவிடப் படும் பாட்டைக் குடியை விட்டவனின் பாடு போலவே காட்டிவந்தார்கள். ஒரு சொட்டு பட்டால் போயிற்று என்பதுதான் அதன் அடிப்படை. இங்கே ஒரு முழு உயிரைக் குடித்துவிட்டு எழுந்து வருகிறான், கதைக்கு நேரமில்லை என்பதால் அதன் பின்விளைவு எதுவும் இல்லை. அவள் சம்மதித்தாள், எப்படியும் சாகப்போகிறாள் என்ற இரண்டு காரணங்களும் நியாயம்தான். குடிநோய்க்கு நியாயம் தெரியாதே. இரண்டாவது சீசனில் அவன் டெய்சி என்ற இன்னொரு காட்டேரியோடு சேர்ந்து ஒரு ரயில் பெட்டியில் இருபது பேரைக் கொன்று குவிக்கும்போதுதான் இந்தக் கடன் வசூலாகிறது. அப்போதும் யாரும் ஜோசியை நினைவுபடுத்துவதில்லை. எழுதியவர்கள் விட்டுவிட்ட ஒரு நூல் அது.

சரி, ஹெரிக்கும் மிட்செலும் நேருக்கு நேர் மோதியே ஆகவேண்டும் என்ற நிலை வருகிறது. இவர்களுடைய உறவு 1917இல் தொடங்கியது. முதல் உலகப்போர்க் களத்தில் தன் சகாக்களை விட்டுவிட்டால் தன்னை எடுத்துக்கொள்ளலாம் என்று மிட்செல் பேரம் பேசினான், ஹெரிக் அவனைக் காட்டேரியாக்கினான். தகப்பன் என்றும் சொல்லலாம், கொன்றவன் என்றும் சொல்லலாம். இந்த மோதலுக்கு மிட்செல் போவான் என்றுதான் பார்ப்பவர்கள் எதிர்பார்ப்பார்கள். அவனுக்குப் பதிலாக ஜார்ஜ் போய் உட்கார்ந்திருக்கிறான். பௌர்ணமி இரவு.

இடம், மருத்துவமனையின் அடித்தளத்தில் பயன்படாமல் கிடக்கும் அறை. இந்த அறைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. ஜார்ஜ் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளக் கண்டுபிடித்த அறை அது. கனமான கதவு, சத்தம் வெளியே போகாது, மேலே நூற்றுக்கணக்கான நோயாளிகள் தூங்கினாலும் யாருக்கும் ஆபத்தில்லை. முதல் அத்தியாயத்தில் அந்த அறை கைவிட்டுப் போனதும் அவன் பதறியடித்துக்கொண்டு காட்டைத் தேடி ஓடுகிறான். ஒருவரையும் காயப்படுத்திவிடக் கூடாது என்பதற்காக மாதாமாதம் தேர்ந்தெடுத்த இடத்துக்கே ஒருவனைக் கொல்வதற்காகக் கூட்டிவருகிறான். பூட்டு அதேதான். உள்ளே இப்போது இரண்டு பேர்.

ஓநாயாக மாறுவது இந்தத் தொடரில் கம்பீரமான விஷயமல்ல. தொடரில் ஓரிடத்தில் அதை ஒரு டாக்டர் விவரிப்பது போலவே சொல்வார்கள். ஓநாயின் இதயம் மனித இதயத்தைவிடச் சிறியது, சுருங்குவதற்கு முன் நின்றாக வேண்டும், ஆக முதலில் மாரடைப்பு. ஈரலும் சிறுநீரகமும் கூடவே செயலிழக்கும். அலறல் நின்றால் வலி குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, தொண்டை கிழிந்து மறுபடி உருவாகிக்கொண்டிருக்கிறது. சாதாரண ஆள் செத்துவிடுவான், இவன் சாகவும் மாட்டான், மயங்கவும் மாட்டான். ரஸ்ஸல் டோவி இதை ஆடையில்லாமல், குரல் உடைந்து கீச்சிட, எந்த அழகும் இல்லாமல் நடித்தார். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸுக்குப் பணமும் இல்லை, விருப்பமும் இல்லை போலும். மில்லேனியம் எஃப்எக்ஸ் நிறுவனம் ரப்பரிலும் ரோமத்திலும் செய்த உறுப்புகளைத்தான் கேமராவுக்கு முன் வைத்தார்கள். முழு ஓநாயைப் பார்த்தால் இன்றைக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். முதுகெலும்பு தோலுக்கடியில் நகர்வதைப் பார்த்தால் சிரிப்பு வராது.

கடைசி அத்தியாயத்தின் அறைக்காட்சியில் இந்த வலியைக் கையில் வைத்துக்கொண்டு ஜார்ஜ் காத்திருக்கிறான். ஹெரிக்குக்கு முதலில் விஷயம் புரியவில்லை. மிட்செல் எங்கே என்றுதான் பார்க்கிறான். ஜார்ஜை அவன் எப்போதும் ஆளாக மதித்ததில்லை. இந்த உலகத்தில் காட்டேரிகளுக்கு ஓநாய் மனிதர்கள் என்றால் தெருநாய் மாதிரி. பூட்டிவிட்டது தெரிந்ததும் அந்தச் சிரிப்பு மெல்லக் கழன்று விழுவதை வாட்கின்ஸ் முகத்தில் பார்க்கவேண்டும். பேசிப் பார்க்கிறான். பேச்சில் வல்லவன், ஐந்து அத்தியாயங்களாகப் பேசியே எல்லோரையும் வளைத்தவன். அறைக்குள் பேச்சைக் கேட்கிற ஆள் இன்னும் சில நிமிடங்களுக்குத்தான் இருக்கப்போகிறான்.

இந்த அத்தியாயத்தின் உயிர்முடிச்சு இங்கேதான் இருக்கிறது. அதுவரை ஜார்ஜ் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம் ஒன்றுண்டு. ஓநாய் வேறு, நான் வேறு, அது பண்ணுவதற்கு நான் பொறுப்பில்லை. பெயரைச் சொல்லக்கூடக் கூசுவான். இன்று பௌர்ணமியைப் பார்த்து, நேரத்தைக் கணக்குப் பண்ணி, ஆளை வரவழைத்து, கதவைப் பூட்டியிருக்கிறான். கடிப்பது ஓநாய், ஆனால் திட்டம் ஜார்ஜுடையது. சட்டத்தின் பார்வையில் பார்த்தால் திட்டமிட்ட கொலை. நண்பனைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்தச் சமாதானத்தைக் கைவிட்டாக வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்தே இருக்கிறது. ஓநாய் மனிதன் கதைகளில் வழக்கமாக மிருகத்தை அடக்கினால் நல்லவன், அவிழ்த்துவிட்டால் கெட்டவன். இங்கே அவிழ்த்துவிட்டவன் நல்லவன்தான், ஆனால் பழையபடி அப்பாவியில்லை. எழுத்தில் இது பெரிய சாதுரியம்.

வெளியே என்ன நடக்கிறது என்று பாருங்கள். கதவுக்கு அந்தப் பக்கம் மிட்செலும் ஆனியும் நிற்கிறார்கள். மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் நீனா, ஜார்ஜின் காதலி, அங்கே வந்துவிடுகிறாள். ஷினேட் கீனன் நடித்த பாத்திரம். வாய்த்துடுக்கு, நேர்மை, பொய்யைக் கண்டால் பொறுக்காத குணம். ஜார்ஜ் எதையோ மறைக்கிறான் என்று அவளுக்குப் பல நாளாகத் தெரியும். அவளை உள்ளே விடாமல் இருவரும் தடுக்கிறார்கள், அவள் நிற்கவில்லை. ஒரு கணம் அந்தக் கதவு திறக்கிறது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிடுகிறாள்.

ஹெரிக் ஒழிந்தான். காலையில் வீடு பழையபடி இருக்கிறது. எல்லாம் சுபம் என்று நாம் எழுந்திருக்கப்போகும்போது நீனா தன் கையைப் பார்க்கிறாள். நகம் கீறிய தடம். இந்தத் தொடரில் ஒருவர் ஓநாயாக மாற அந்தக் கீறலே போதும்.

யாரையும் காயப்படுத்திவிடக் கூடாது என்பதற்காகவே வாழ்க்கை முழுவதையும் துறந்து வந்தவன், மனதார நேசித்தவளையே கீறியிருக்கிறான். அதுவும் மிகச் சரியான காரணத்துக்காக ஒரு காரியத்தைச் செய்த இரவில். அந்தக் கதவைத் திறந்தவள் நீனாதான் என்பதால் ஜார்ஜ் மேல் பழி இல்லை என்று வாதாடலாம். அவளிடம் உண்மையைச் சொல்லாமல் கதவுக்கு வெளியே நிறுத்தியது யார் என்று அவள் திருப்பிக் கேட்டால் பதில் கிடையாது. இரண்டாவது சீசன் முழுக்க இந்தக் கேள்வி அவர்களுக்கு நடுவே கிடக்கிறது.

ஆனி தன் கதவை மறுத்ததற்கும் விலை உண்டு. வந்த கதவு மூடிவிட்டால் அத்தோடு முடிந்தது என்று விட்டுவிட மாட்டார்கள் அந்தப் பக்கத்து ஆட்கள். ரேடியோவிலும் டிவியிலும் குரல் கொடுத்து, துரத்தி, இரண்டாவது சீசன் முடிவில் அவளை இழுத்துக்கொண்டே போய்விடுகிறார்கள். மூன்றாவது சீசனின் தொடக்கத்தில் மிட்செல் அங்கே போய் மீட்டுக்கொண்டு வருகிறான். அதற்குள் வீடும் மாறிவிட்டது. பிரிஸ்டலைக் காலி செய்து வேல்ஸ் கடற்கரை ஊரான பேரியில், முன்பு லாட்ஜாக இருந்த ஒரு கட்டடத்துக்குக் குடிபோகிறார்கள். எனக்கு அந்த வீட்டோடு ஒட்டவே இல்லை. அறைகள் அதிகம், ஆனியின் மாடிப்படி இல்லை.

அமெரிக்கர்கள் 2011இல் சைஃபை சேனலுக்காக இதையே பாஸ்டன் நகரத்துக் கதையாக மறுபடி எடுத்தார்கள். நான்கு சீசன் ஓடியது, மோசமில்லை. ஆனால் அங்கே எல்லோரும் கொஞ்சம் கூடுதலாக அழகாக இருக்கிறார்கள், வாடகைப் பிரச்சினை யாரையும் அரிப்பதாகத் தெரியவில்லை.

முதல் சீசன் முடிவை முழுதாகப் புரிந்துகொள்ள மூன்றாவது சீசனைத்தான் பார்க்கவேண்டும். ஹெரிக் திரும்பி வருகிறான். டெய்சியும் காரா என்ற இன்னொரு காட்டேரியும் சடங்கு செய்து அவனைப் புதைகுழியிலிருந்து எழுப்பிவிடுகிறார்கள். நினைவு எல்லாம் அழிந்த நிலையில், பயந்து நடுங்கும் ஒரு பைத்தியக்கார ஆளாக அவன் மருத்துவமனையில் கிடக்கிறான். வேடிக்கை என்னவென்றால் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்து பரணில் தங்கவைப்பது இதே ஆட்கள்தான். விசாரிக்க வரும் போலீஸ்காரிக்கு ‘பில்லி மாமா’ என்று அறிமுகம் செய்கிறார்கள். நினைவில்லாதவனைக் கொல்வது கொலைதானே என்று அவனுக்காக வாதாடுபவள் நீனா. அவனால்தான் அவள் கையில் அந்தக் கீறலே விழுந்தது. நினைவு திரும்பியதும் ஹெரிக் அவளையே கத்தியால் குத்துகிறான். இந்த முறை அழைப்பில்லாமல் வந்தான் என்று யாரும் சொல்ல முடியாது. சாப்பாடு போட்டு வைத்திருந்தார்கள்.

கடைசியில் அவனை முடிப்பது மிட்செல். அதே அத்தியாயத்தில், 2011 மார்ச் 13 அன்று, தன்னால் இனிமேல் ரத்தத்தை நிறுத்த முடியாது என்று தெரிந்துகொண்ட மிட்செல் தன்னைக் கொன்றுவிடச் சொல்லி ஜார்ஜிடம் கெஞ்சுகிறான். அன்று பௌர்ணமி இல்லை. ஓநாயும் இல்லை, பூட்டிய அறையும் இல்லை. வீட்டுக் கூடத்தில், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஜார்ஜ் கட்டையை எடுத்து நண்பனின் மார்பில் இறக்குகிறான். அவனுக்காக முதன்முதலாகக் கொலைகாரன் ஆனவன். இந்த இரண்டு அத்தியாயங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் போதும், நடுவில் உள்ள பதினைந்தையும் பிறகு ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம்.